எண்ணிக்கை இல்லாத கைவேலை

ஒரு நோய் குணமாக மருந்தும் சிகிச்சையும் எவ்வளவு தேவையோ, அதே அளவுக்குக் காத்திருப்பும் தேவைப்படுகிறது. இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருத்தல், தையல் ஆறக் காத்திருத்தல், டயாலிசிஸ் முடியும் வரை படுத்திருத்தல், அறுவை அரங்கின் கதவு திறக்கும் வரை அமர்ந்திருத்தல் எனப் பல வடிவங்களில் அது வருகிறது. அந்நேரங்களில் உடல் ஓரிடத்தில் இருக்கும். மனமோ கடன் தவணைக்கும், பறிக்காமல் நிற்கும் பருத்திக்கும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டம் உறக்கத்தைக் கெடுக்கிறது. வலியை மிகுதியாக உணரச் செய்கிறது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றுகிறது.

இவ்வோட்டத்தைத் தணிக்க உதவும் எளிய வழிகளுள் ஒன்று, கைகளுக்கு இதமான ஒரு வேலையைக் கொடுப்பது. அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எந்த நோயாளி எதைத் தவிர்க்க வேண்டும், துணையிருப்போர் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நம் கைகள் ஓய்ந்திருந்தது எப்போது?

கயத்தாறு, கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரங்களிலிருந்து வருவோரிடம் "கைக்கு ஏதேனும் வேலை கொடுங்கள்" என்று நாங்கள் சொன்னால், பலர் சிரித்துவிடுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. இது மானாவாரிக் கரிசல் பூமி. மழை பெய்தால் களையெடுப்பும் பருத்தி எடுப்பும். மழை பொய்த்தால் தீப்பெட்டி வேலை. தெற்கே சென்றால் பீடிச் சுற்று. குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் இலை சுருட்டியும் பழகிய இக்கைகளுக்கு வேலை புதிதன்று, ஓய்வுதான் புதிது.

ஆகவே ஒரு வேறுபாட்டை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டும். கை அசைந்தால் மட்டும் மனம் அமைதியடைந்துவிடாது. எண்ணிக்கைக்குக் கூலி பெறும் வேலையில் கை ஒரு பக்கம் ஓடும். மனம் மறுபக்கம் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். "இன்னும் எத்தனை? பொழுது சாய்வதற்குள் முடியுமா? எடுக்க வருபவர் எத்தனையைக் கழிப்பார்?" என்ற கேள்விகள் உள்ளவரை உடல் பரபரப்பிலேயே இருக்கும். நாங்கள் பரிந்துரைப்பது எண்ணிக்கையும் கெடுவும் இல்லாத வேலை. பாதியில் நிறுத்தினாலும் எவரும் கேட்க மாட்டார்கள். கோணலாக வந்தாலும் எவரும் கழிக்க மாட்டார்கள். மனத்தைத் தணிக்கும் ஆற்றல் அந்த விடுதலையில்தான் இருக்கிறது.

கைப்பேசியையும் இங்கே குறிப்பிட வேண்டும். திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதும் விரல் அசைகிறது. ஆனால் அடுத்து வருவது என்ன என்பதை முடிவு செய்பவர் நாமல்லர். ஒரு நகைச்சுவைக் காட்சியை அடுத்து ஒரு விபத்துச் செய்தி வரும். அதனை அடுத்து நம் நோயின் பெயரைச் சொல்லி அச்சுறுத்தும் ஒரு காணொலி வரும். கைவேலையிலோ அடுத்த முடிச்சு எங்கே விழும் என்பது நமக்கே தெரியும். நோயினால் எல்லாம் கைமீறிப் போய்விட்டது என்று எண்ணும் ஒருவருக்கு இந்தச் சிறு ஆளுகை பெரிய ஆறுதல்.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

அச்சம் வரும்போது நம் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது; மூச்சு மேலோட்டமாகிறது; தசைகள் இறுகுகின்றன; கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கூடுகிறது. பாம்பைக் கண்டு விலகி ஓட இந்த ஏற்பாடு உதவும். வாரக்கணக்கில் நீடிக்கும் நோய்க்கவலையிலோ அது தீங்காகிறது.

இதற்கு எதிரான அமைதி நிலையும் உடலிலேயே உண்டு. அமெரிக்க இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-இல் வெளியிட்ட நூலில் அந்நிலையை விளக்கினார். ஒரு சொல்லையோ, ஒலியையோ, வேண்டுதலையோ, அசைவையோ திரும்பத் திரும்பச் செய்வது. இடையில் வேறு எண்ணம் வந்தால் சினம் கொள்ளாமல் மீண்டும் அதற்கே திரும்புவது. இவ்விரண்டும் சேர்ந்தால் மூச்சும் துடிப்பும் மெல்லத் தணிகின்றன. பூத் தொடுக்கும் கையும் கூடை முடியும் கையும் இதைத்தான் செய்கின்றன.

இரண்டாவது காரணம் கவனத்தைப் பற்றியது. நம் மனத்தில் ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய காட்சிகளுக்கு ஓர் அளவு உண்டு. கண்ணும் கையும் சேர்ந்து ஒரு வடிவத்தை அமைக்கும்போது, அச்சமூட்டும் காட்சிகளுக்கான இடம் குறைகிறது. ஆக்ஸ்போர்டில் எமிலி ஹோம்ஸ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மனத்தை உலுக்கும் காட்சிகளைப் பார்த்தவர்களுள் ஒரு பகுதியினர் பின்னர் கட்டங்களைப் பொருத்தும் டெட்ரிஸ் விளையாட்டை ஆடினர். அடுத்த வாரத்தில் அக்காட்சிகள் அழையாமல் மனத்தில் தோன்றியது அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது.

2016-இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தினர் 39 பேருக்குக் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படத் தாள்கள் ஆகியவற்றைக் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால் அளவு குறைந்திருந்தது. முன்பே படம் வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அதில் காணப்படவில்லை. அது நலமுள்ளவர்களிடம் செய்த சிறிய ஆய்வு. எஞ்சியோருக்கு அளவு குறையவுமில்லை. எனினும் "எனக்கு இதெல்லாம் வராது" என்று தயங்குவோர் அதன் முடிவை நினைவில் வைக்கலாம். பலன் பெறத் திறமை தேவையில்லை.

மருத்துவமனைக்குள் வந்த கைத்தொழில்

இது புதிய யோசனையன்று. 1938-இல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்னும் ஓவியர் காசநோய்க்காகச் சானடோரியம் ஒன்றில் சேர்ந்தார். காசநோயைக் கொல்லும் மருந்து அப்போது இல்லை. மாதக்கணக்கில் படுத்திருப்பதே சிகிச்சை. அவர் படுக்கையில் இருந்தபடியே வரையத் தொடங்கினார். பிறகு உடனிருந்த நோயாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். கலைவழிச் சிகிச்சை என்று இன்று நாம் சொல்லும் பெயரை 1942-இல் வழங்கியவர் அவரே என்பர்.

இந்தியாவில் செயல்வழி மருத்துவம் என்னும் துறையை ஒரு படிப்பாகத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். 1950-இல் பம்பாயில் அதற்கான முதற்பள்ளி அமைந்தது. நோயாளியின் கைக்கு ஏற்ற வேலையைத் தேர்ந்து கொடுப்பது ஒரு மருத்துவப் பணி என்ற எண்ணம் நம் நாட்டில் அதன் வழியே வேரூன்றியது.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு வேலூரில் இருக்கிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளை உருவாக்கினார். விரல் நிமிர்ந்த பிறகு அக்கை என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. இளமையில் தச்சு வேலை பயின்ற அவர், நவஜீவ நிலையம் என்னும் இல்லத்தில் நோயாளிகள் மரவேலை பழகவும் பொம்மைகள் செய்யவும் வழி செய்தார். அப்பணியில் ஒரு பாடமும் கிடைத்தது. உணர்ச்சியற்ற கை உளியை எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கிறது என்பதை அறியாது. கொப்புளம் வந்தாலும் தெரியாது. எனவே கைப்பிடிகளை மாற்றவும், வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கவும் பழக்க வேண்டியிருந்தது. இன்று நீண்டகாலச் சர்க்கரை நோயால் கை கால் மரத்துப் போனவர்களுக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்துகிறது.

நம் வட்டாரத்தில் எளிதாகக் கிடைப்பவை

*கோலம்.* தரையில்தான் போட வேண்டும் என்பதில்லை. மூட்டுவலி உள்ளோர் கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்து வரையலாம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து சென்று தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் சிக்குக் கோலம் இதற்கு மிகவும் ஏற்றது. கோடு எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே போகையில் வேறு நினைவு வர இடமில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமனி முதலிய கணித அறிஞர்கள் 1970-களில் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலுக்கு உரிய பொருளாகவே ஆராய்ந்தனர். நம் பாட்டிமார் விரல் நுனியில் வைத்திருந்தது அத்தகைய அறிவு.

*பூத் தொடுத்தல்.* இரு கைகளின் விரல்களும் சேர்ந்து இயங்கும் வேலை இது. நனைத்த வாழைநாரோ நூலோ போதும். பிச்சி, மல்லிகை, கனகாம்பரம் எதுவாயினும் கால் மணி நேரத்தில் ஒரு முழம் கையில் இருக்கும். கண்பார்வை குறைந்த முதியவர்களும் தடவிப் பார்த்தே செய்துவிடுவார்கள்.

*ஒயர்க்கூடை பின்னுதல்.* வார்டுக்கு மிகவும் ஏற்றது. ஊசியோ கத்தியோ தூசியோ இல்லை, கழுவித் துடைக்கலாம், பாதியில் வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். சிவன் கண், பிஸ்கட் முடிச்சு என்று வடிவங்கள் பல. தொடங்குவோர் சாவிக்கொத்து அளவில் சிறிதாக முயலலாம். ஒயரை வெட்டும் வேலையை மட்டும் துணையிருப்பவர் செய்யட்டும்.

*பனையோலை.* ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, ஈரத்துணியில் சுற்றி மென்மையாக்கிய ஓலையால் விசிறி, கிலுக்கு, சிறு கொட்டான் ஆகியவற்றைப் பின்னலாம். வார்ந்து வைத்த ஓலை கைக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கத்தி நோயாளிக்கு வேண்டா.

*கயிறும் கட்டிலும்.* "இவையெல்லாம் பெண்கள் வேலை" என்று ஒதுங்கும் ஆண்கள் பலரைக் காண்கிறோம். மாட்டுக்குக் கயிறு திரித்ததும், நார்க்கட்டில் பின்னியதும் ஆண்களின் கைகள்தாம். தும்பைத் தொடையில் வைத்துத் திரிக்கும் அந்த அசைவு இன்னும் அவர்கள் உள்ளங்கையில் இருக்கிறது. உழவை விட்டு விலகி வீட்டில் முடங்கிய பெரியவர்களுக்கு அதனை மீண்டும் கொடுத்துப் பாருங்கள்.

இவை தவிர வண்ணம் தீட்டுதல், குரோஷா, துணியில் பூத்தையல், தாள் மடிப்பு எனப் பல உண்டு. பின்னல் வேலையில் ஈடுபடும் 3,545 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், அடிக்கடி பின்னுவோரிடம் அமைதியும் மகிழ்வும் கூடுதலாகக் காணப்பட்டன. பின்னல்தான் அதற்குக் காரணம் என்று அதை வைத்து அறுதியிட இயலாது. முயன்று பார்க்கத் தூண்டும் அளவுக்கு அது போதும்.

நோய்க்கு ஏற்ற தேர்வு

• *சர்க்கரை நோயால் கை மரத்தவர்கள்:* ஊசி, கத்தி, சூடான பசை ஆகியவற்றைத் தவிர்க்கவும். வேலை முடிந்ததும் நல்ல வெளிச்சத்தில் விரல்களைத் திருப்பிப் பார்க்கவும். சிவப்பு, கொப்புளம், கீறல் இருந்தால் உடனே காட்டவும்.

• *இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்போரும், தட்டணுக்கள் குறைந்தவர்களும்:* ஒயர், வண்ணம், தாள் மடிப்பு நல்லவை. கூர்மையான கருவிகள் வேண்டா.

• *புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர்:* எதிர்ப்பாற்றல் குறைந்த நாள்களில் பச்சைப் பூ, ஈரமண், பச்சைக் களிமண் ஆகியவற்றைத் தொடாதிருப்பது பாதுகாப்பு; அவற்றில் பூஞ்சை இருக்கக்கூடும்.

• *ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளோர்:* கோலப்பொடி, பஞ்சுத் தூசி, பெயின்ட், கடும் மணமுள்ள பசை ஆகியவை ஆகா. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்போர் மெழுகுவத்தி செய்தல் போன்ற தீ தொடர்பான எந்த வேலையையும் செய்யக்கூடாது.

• *டயாலிசிஸ் செய்துகொள்வோர்:* ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஊசி குத்திய கை அசையக்கூடாது. மற்றக் கையால் மட்டும் செய்யக்கூடிய வண்ணம் தீட்டுதல், புள்ளி இணைத்தல் ஆகியவற்றைச் சாய்பலகையில் வைத்துச் செய்யலாம். சலைன் ஏறும் கைக்கும் இதே விதி.

• *நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டோர்:* எலும்பு கூடும் வரை கயிற்றையோ கட்டில் நாரையோ இழுத்து இறுக்கும் வேலை கூடாது. மடியில் வைத்துச் செய்யும் சிறு வேலைகள் போதும்.

• *பக்கவாதம் வந்தவர்கள்:* நலிந்த கை பிடிக்கட்டும், மறு கை முடியட்டும். பின்னர் மாற்றிச் செய்யட்டும். எந்த அசைவு தேவை என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்கவும்.

• *விரல் மூட்டுவாதம் உள்ளோர்:* பருமனான ஊசி, பருமனான நூல். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஓய்வு. வேலை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்னிலும் கூடுதலாக இருந்தால், மறுமுறை நேரத்தைக் குறைக்கவும்.

• *மறதிநோய் உள்ள முதியோர்:* புதியதைக் கற்பிக்க முயல வேண்டா. சுளகில் பயறு பொறுக்குதல், பருத்தியில் விதை பிரித்தல், பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை இடுதல் போன்ற பழகிய அசைவுகளைக் கொடுங்கள். பெயர்கள் மறந்த பின்னும் கையின் நினைவு நெடுநாள் இருக்கும். முத்துகளை வாயில் போட்டுக்கொள்ளாமல் ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

துணையிருப்போருக்கு

நோயாளிக்கு நேரத்திற்கு மாத்திரை உண்டு, உணவு உண்டு, விசாரிக்க ஆள் உண்டு. துணையிருப்பவருக்கு இவை எவையும் இல்லை. இரவெல்லாம் நாற்காலியில் விழித்திருந்துவிட்டு, காலையில் வருவோரிடம் "பரவாயில்லை" என்று சொல்பவர் அவர்.

அவர் கையில் ஒரு கூடையையோ நூலையோ எடுக்கும்போது ஒரு குற்றவுணர்வு வருவதை நாங்கள் அறிவோம். "வீட்டுக்காரர் இப்படிக் கிடக்கையில் இவள் பின்னிக்கொண்டிருக்கிறாள்" என்று பார்க்க வருவோர் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் அது. மருத்துவர்கள் என்ற முறையில் நாங்கள் தெளிவாகச் சொல்கிறோம்: அது அக்கறையின்மை ஆகாது. துணையிருப்பவர் மனம் தணிந்திருந்தால் மருந்தின் வேளை தவறாது. நோயாளியிடம் எரிச்சல் வராது. நாங்கள் சொல்வதும் காதில் விழும். யாரேனும் கேட்டால், "டாக்டர் சொன்னது" என்று சொல்லிவிடுங்கள்.

மற்றோர் வேண்டுகோளும் உண்டு. நோயாளி தடுமாறித் தடுமாறி ஒரு முடிச்சைப் போடும்போது, "விடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்" என்று வாங்கிவிடாதீர்கள். பாசத்தினால் செய்வதுதான். ஆயினும் நோய் அவரிடமிருந்து ஏற்கெனவே பல வேலைகளைப் பிடுங்கிவிட்டது. எஞ்சியிருக்கும் அந்த ஒரு முடிச்சை அவரிடமே விட்டுவையுங்கள். அவர் செய்ததை உடனே விலைபேசவும் வேண்டா. "நன்றாக இருக்கிறதே, பத்துச் செய்தால் விற்கலாமே" என்ற ஒரு சொல்லில், விட்டு வந்த எண்ணிக்கை மீண்டும் உள்ளே நுழைந்துவிடும்.

தொடங்கும் முறை

1. முன்பு எப்போதோ கை பழகிய வேலையைத் தேர்ந்தெடுங்கள். சிறுவயதில் செய்தது என்றால் இன்னும் நல்லது.
2. ஒரே வேளையில் செய்யுங்கள். கவலை மிகும் மாலை நேரமோ, உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்போ ஏற்றது.
3. முதல் வாரம் பதினைந்து நிமிடம் போதும். கைப்பேசியை எட்டாத இடத்தில் வையுங்கள்.
4. கை ஓர் ஓட்டத்திற்கு வந்ததும் மூச்சைக் கவனியுங்கள். கவலை குறுக்கிட்டால் விரட்ட வேண்டா. அடுத்த முடிச்சுக்குத் திரும்புங்கள்.
5. தவறினால் பிரித்துவிடுங்கள், அல்லது அப்படியே விடுங்கள். இரண்டும் சரி.

இதன் எல்லை

கைவேலை மருந்துக்கு மாற்று ஆகாது. மனம் இலேசாகிவிட்டது என்று இரத்த அழுத்த மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் குறைக்கக்கூடாது. வேலை செய்கையில் நெஞ்சில் வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், திடீரெனக் கை தளர்தல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்திச் செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருந்தாலோ, முன்பு விரும்பிச் செய்ததிலும் நாட்டம் அற்றுப்போனாலோ, அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை உண்டு. "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு எழுந்தால், அதை அன்றே எங்களிடம் சொல்லுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். டெலி மானஸ் என்னும் இலவச மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் நீங்கள் செய்யும் கைவேலையையும் எடுத்து வாருங்கள். உங்கள் நோய்க்கு அது ஏற்றதா என்று பார்த்துச் சொல்கிறோம். எத்தனை செய்தீர்கள் என்று கேட்க மாட்டோம். செய்தபோது மூச்சு எப்படி இருந்தது, அன்றிரவு உறக்கம் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொன்னால் போதும்.